கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா?

மலைப் பிள்ளைகள் என்ஜினீயர் ஆக வழி என்ன?

குன்னூர் சின்ன ஊர். ஆனால் அது ஒரு விஞ்ஞான ஊர்.

ஊட்டிக்குப் போகிற வழியில் இறங்கி, டீ குடித்துவிட்டுப் போகும் ஊர் என்றுதான் பலர் அதை நினைக்கிறார்கள். அந்த டீயே ஒரு விஞ்ஞானம்தான்! பறித்து வந்த கொழுந்தைக் காற்றில் வாட்டுகிறார்கள். எந்திரத்தில் கொடுத்து நசுக்குகிறார்கள். நசுங்கிய இலையில் காற்றுப் பட்டதும் பச்சை நிறம் மாறி, செம்பு நிறம் வருகிறது. பிறகு சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். எவ்வளவு நேரம் வாட்டுவது, எவ்வளவு சூடு கொடுப்பது என்பதில் கொஞ்சம் தவறினாலும் டீ கெட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் ரசாயனப் பாடம் என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

1907-ம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரித்து, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய நிலையம் அது. அங்கேதான் 1918-ம் ஆண்டில் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து, எது உடம்புக்கு நல்லது என்று சோதித்துப் பார்த்தார். அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதற்குப் பிறந்த வீடு குன்னூர்!

பக்கத்தில் அருவங்காடு. அங்கே 100 ஆண்டுகளுக்கு மேலாக வெடிமருந்துத் தொழிற்சாலை நடக்கிறது. பைக்காராவில் 1932-ம் ஆண்டிலேயே அருவித் தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஊட்டிக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவில், 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ டெலஸ்கோப் நிற்கிறது. 1970-ல் கட்டி முடித்தார்கள். வானத்தில் வெகு தொலைவில் இருந்து வரும் ரேடியோ அலைகளை அது பிடிக்கிறது.

இப்படிப்பட்ட மலையில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் விஞ்ஞானி ஆனார்கள்? எத்தனை பேர் என்ஜினீயர் ஆனார்கள்?

பாதை வெட்டியவர்கள் உண்டு. கல் சுமந்தவர்கள் உண்டு. கொழுந்து பறித்தவர்கள் உண்டு. ஆனால் மேஜையில் உட்கார்ந்து வரைபடம் போட்டவர்கள் பெரும்பாலும் வெளியில் இருந்து வந்தவர்கள்.

யார் இந்தப் பிள்ளைகள்?

நீலகிரியில் 6 பழங்குடியினர் வாழ்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடியினர் என்று மத்திய சர்க்கார் தனியாகக் குறித்திருப்பது இந்த 6 பேரைத்தான்.

இவர்களுக்குத் தொழில் அறிவு புதிது அல்ல. கோத்தர்கள் இரும்பு அடிப்பதிலும், மரவேலையிலும், மண்பாண்டம் செய்வதிலும் பரம்பரைக் கைகாரர்கள். மலை முழுவதற்கும் கத்தியும் கொடுவாளும் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். தோடர்கள் பிரம்பையும் மூங்கிலையும் வில்லாக வளைத்து வீடு கட்டினார்கள். மலைக் காற்றையும் மழையையும் தாங்கும் வீடு அது. குறும்பர்கள் கொடியில் ஏணி கட்டி, செங்குத்துப் பாறையில் இறங்கித் தேன் எடுத்தார்கள். கணக்குத் தப்பினால் உயிர் போய்விடும்!

இன்னொரு கூட்டம் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களில் பலருடைய பாட்டன் பாட்டி இலங்கையில் இருந்து திரும்பி வந்தவர்கள். 1964-ம் ஆண்டில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் தமிழக சர்க்கார் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் 'டான்டீ'. அதன் தலைமை அலுவலகம் குன்னூரில் இருக்கிறது.

2011-ம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பழங்குடி மக்களில் 54 பேர்தான். எழுத்துக்கே இந்த நிலை என்றால், என்ஜினீயரிங் படிப்புக்கு எப்படி இருக்கும்?

கதவு திறந்துவிட்டது

கதவு மூடியே இருக்கிறது என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கு 18 சதவீத இடமும், பழங்குடியினருக்கு 1 சதவீத இடமும் கல்லூரிகளில் ஒதுக்கப்பட்டு இருக்கின்றன. ஐ.ஐ.டி.களில் பழங்குடியினருக்கு 7½ சதவீதம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் கல்லூரிகளில் 7½ சதவீத இடம் என்று 2021-ல் சட்டம் வந்தது. அப்படிச் சேருகிறவர்களின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் சர்க்கார் ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-ம் ஆண்டு முதலும், ஆண்களுக்கு 2024-ம் ஆண்டு முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

இவை எல்லாம் நல்ல காரியங்கள். போராடிப் பெற்ற உரிமைகள்.

ஆனால் கதவுக்கு உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது? அதைத்தான் ஊர் கவனிப்பது இல்லை.

ஒரு தோட்டத்து லைன் வீட்டில் இருந்து ஒரு பெண் கோவைக்குப் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் அவள்தான் முதல் மாணவி. தமிழில் படித்தவள். கல்லூரியில் முதல் நாளே பாடம் இங்கிலீஷில். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் 2 ஆண்டு தனிப்பயிற்சிக்குப் போய் வந்தவள். கேள்வி கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் இல்லை. அப்பா, அம்மாவுக்கு அந்தப் பாடத்தின் பெயரே தெரியாது. முதல் பரீட்சையில் கணக்கில் தோல்வி. இரண்டாவது பரீட்சையிலும் தோல்வி. "எனக்கு மூளை இல்லை" என்று அவளே முடிவு கட்டிவிடுகிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறாள்.

ஊர் என்ன சொல்லும்? "அப்போதே சொன்னோம். இதெல்லாம் நமக்கு வராது."

அந்த ஒரு வார்த்தை அவளோடு நிற்பது இல்லை. அவளுக்குப் பின்னால் வரவேண்டிய 10 பேரையும் அது தடுத்துவிடுகிறது.

அமெரிக்காவில் கண்ட உண்மை

இந்தத் தொல்லை நீலகிரிக்கு மட்டும் உரியது அல்ல. பணக்கார நாடான அமெரிக்காவிலும் உண்டு.

கலிபோர்னியாவில் பெர்க்கிலி என்ற ஊரில் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. 1970-களில் அங்கே யூரி ட்ரைஸ்மன் என்பவர் ஒரு கேள்விக்கு விடை தேடினார். கறுப்பு இன மாணவர்கள் கல்லூரிக் கணக்கில் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அங்கிருந்த ஆசிரியர்களிடம் பதில் தயாராக இருந்தது. "படிப்பில் அக்கறை இல்லை." "பள்ளிக்கூட அடிப்படை சரியில்லை." "பெற்றோர் கவனிப்பது இல்லை." "வீட்டில் வறுமை." இப்படி 4 காரணம் சொன்னார்கள்.

ட்ரைஸ்மன் அதை அப்படியே நம்பவில்லை. 20 கறுப்பு இன மாணவர்களையும், கணக்கில் நன்றாகத் தேறிய 20 சீன மாணவர்களையும் எடுத்துக்கொண்டார். மாதக்கணக்கில் அவர்களோடு பழகினார். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார்.

அவர் கண்டது என்ன தெரியுமா? அந்த 4 காரணமும் சரியில்லை! கறுப்பு இன மாணவர்கள் தங்கள் பள்ளிகளில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள். பெற்றோர் அவர்கள் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். மாணவர்களும் சொன்ன பாடத்தை ஒழுங்காகப் படித்தார்கள்.

ஆனால், தனியாகப் படித்தார்கள்.

சீன மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவன் போட்ட கணக்கை இன்னொருவன் பார்த்தான். சண்டை போட்டார்கள். சிரித்தார்கள். ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஒரு கணக்கு ஒருவருக்கும் வரவில்லை என்றால், கணக்குத்தான் கடினம், தன் மூளையில் குறை இல்லை என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்தது. தனியாகப் படித்தவனுக்கு அது தெரியவில்லை. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டான்.

ட்ரைஸ்மன் மாணவர்களைக் கூட்டமாக உட்கார வைத்தார். "நீங்கள் பலவீனமானவர்கள், உங்களுக்குச் சுலபமான பாடம்" என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார்! சேர்ந்து போடச் சொன்னார். தோற்றவர்கள் தேறினார்கள். நன்றாகவே தேறினார்கள்.

1988-ல் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் பல்கலைக்கழகம் ஒன்று இதைப் போல இன்னும் பெரிய திட்டம் தொடங்கியது. மேயர்ஹாப் திட்டம் என்று பெயர். கல்லூரி திறப்பதற்கு முன்பே, கோடை விடுமுறையில் மாணவர்களை வரவழைத்தார்கள். ஒன்றாகத் தங்க வைத்தார்கள். முதல் ஆண்டிலேயே ஆராய்ச்சிக்கூடங்களில் வேலைக்குப் பழக்கினார்கள். அதில் படித்து வந்த கறுப்பு இனப் பெண் கிஸ்மேகியா கார்பெட். 2020-ல் கொரோனா தடுப்பூசி கண்டுபிடித்த விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். தடுப்பூசி தயாரிக்கும் குன்னூருக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நம் நாட்டுக்கும் இது புதிது அல்ல. மதிப்பெண் குறைந்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களை ஐ.ஐ.டி.களில் ஒரு ஆண்டு ஆயத்தப் படிப்பில் சேர்த்து, கணக்கும் விஞ்ஞானமும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்து, அதன் பிறகு என்ஜினீயரிங்கில் சேர்க்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கு நல்லது, மற்றக் கல்லூரிகளுக்கு மட்டும் வேண்டாமா?

மலை ரெயில் சொல்லும் பாடம்

"இவர்களுக்கு மட்டும் ஏன் தனி உதவி? கெட்டிக்காரன் தானாக வரட்டுமே!" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நீலகிரி மலை ரெயில் பதில் சொல்கிறது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து கல்லாறு வரை தரை சமமானது. அங்கே மலை ரெயிலும் மற்ற ரெயிலைப் போலவே ஓடுகிறது. கல்லாறு தாண்டியதும் செங்குத்து. ஏறக்குறைய 12 அடி போவதற்குள் 1 அடி ஏறவேண்டும். அங்கே சாதாரணச் சக்கரம் வழுக்கும். அதனால் 1899-ல் பாதை போட்டபோதே, தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைப் போட்டார்கள். என்ஜினில் உள்ள பல் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.

அந்தப் பல் பட்டை ரெயிலைத் தூக்கிக்கொண்டு போவது இல்லை. ரெயில் ஏறுவது தன் என்ஜினின் பலத்தில்தான். வழுக்காமல் இருக்கப் பிடி மட்டும் கொடுக்கிறது. அதுவும் கல்லாறில் இருந்து குன்னூர் வரைதான். குன்னூரில் பல் பட்டை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஊட்டிக்கு ரெயில் தானே போகிறது!

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் ஆண்டுதான் செங்குத்து. அந்த ஒரு ஆண்டுக்குப் பிடி வேண்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு அந்தப் பிடி வீட்டிலேயே இருக்கிறது. தகப்பனார் என்ஜினீயர். அத்தை பேராசிரியை. மூலைக்கு மூலை தனிப்பயிற்சி. அதை யாரும் சலுகை என்று சொல்வது இல்லையே!

மொழி ஒரு மதில் அல்ல

இங்கிலீஷைக் கண்டு பயப்படும் பிள்ளைகள் ஒன்றை நினைக்கவேண்டும். புத்தகத்தில் 'ரெசிஸ்டன்ஸ்' என்று இருக்கும். தமிழில் 'மின்தடை' என்று படித்த பிள்ளைக்குப் பொருள் முன்பே தெரியும். பெயர்தான் புதிது. தமிழ்ப் பெயரையும் இங்கிலீஷ் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால், முதல் மாதத்திலேயே பாதிப் பயம் போய்விடும்.

சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குனர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி பக்கத்துக் கிராமத்தில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன், குமரி மாவட்டத்து விவசாயியின் மகன். அவரும் பள்ளியில் தமிழில்தான் படித்தார். 2023-ல் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குனர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ஒரு ரெயில்வே தொழிலாளியின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்து, பிறகு படிப்படியாக மேலே போனவர்.

குன்னூரிலும் ரெயில்வே தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன!

என்ன செய்யலாம்?

பெரிய பணம் தேவை இல்லை. மனம்தான் தேவை.

பிளஸ்-2 முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பள்ளிக்கூடக் கட்டிடங்கள் சும்மா இருக்கின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைக் கூட்டி, கணக்கு, பௌதிகம், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் என்ஜினீயர்களும் மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு மலைப் பிள்ளையைத் தன்னந்தனியாக ஒரு கல்லூரிக்கு அனுப்பக்கூடாது. முடிந்தவரை 3, 4 பேர் ஒரே கல்லூரியில், ஒரே விடுதியில் சேரவேண்டும். அங்கே ஏற்கனவே படிக்கும் அண்ணனோ, அக்காளோ முதல் ஆண்டு முழுவதும் அவர்களைக் கவனிக்கவேண்டும். கல்லூரிகள் மாலை நேரத்தில் ஒரு அறையையும் ஒரு ஆசிரியரையும் ஒதுக்கினால் போதும். அறிவில்லாதவர்களுக்கு வகுப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. எல்லோரும் வரலாம் என்று வைக்கவேண்டும். கடினமான கணக்கையே கொடுக்கவேண்டும்.

ரெயில்வேயின் என்ஜின் கொட்டகை, டீ பாக்டரி, பாஸ்டியர் நிலையம், முத்தோரை டெலஸ்கோப் ஆகியவை மலைப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆண்டில் சில நாட்களாவது கதவைத் திறக்கவேண்டும். வேடிக்கை பார்க்க அல்ல. கையால் தொட்டு வேலை பழக. தகப்பன் அடுப்பு எரிக்கும் டீ பாக்டரியில், வெப்பக் கணக்கை மகன் போட்டுப் பார்க்கட்டும்.

ஜாதிச் சான்றிதழ் ஒரு பெரிய தொல்லை. அது இல்லாமல் இட ஒதுக்கீடும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை. கல்லூரி திறக்கும் நேரத்தில் ஆபீசு ஆபீசாக அலைவதைவிட, பிள்ளை 9-ம் வகுப்பு படிக்கும்போதே வாங்கிவைப்பது நல்லது. பள்ளித் தலைமை ஆசிரியர்கள் இதை நினைவுபடுத்தவேண்டும்.

மலைக்கு அவர்கள் வேண்டும்

இது பிள்ளைகளுக்குக் காட்டும் இரக்கம் மட்டும் அல்ல. மலைக்கே அவர்கள் தேவை.

2009-ம் ஆண்டு நவம்பர் மாத மழையில் நீலகிரியில் மலை சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எந்தச் சரிவில் தண்ணீர் எப்படி இறங்கும் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்களே என்ஜினீயரிங்கும் படித்திருந்தால், பாதை வெட்டும்போதும் வீடு கட்டும்போதும் அந்த அறிவு பயன்படும்.

பழங்குடி மக்களுக்கு வரும் ஒரு ரத்த நோய் 'சிக்கிள் செல்' நோய். ரத்த அணு அரிவாள் போல வளைந்துவிடும். இந்தியாவில் இது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-ல் வெளிநாட்டு விஞ்ஞானிகள் இங்கே ரத்தம் எடுத்துச் சோதித்துச் சொன்னார்கள். இந்த நோயை 2047-க்குள் ஒழிக்க, 2023-ல் மத்திய சர்க்கார் திட்டம் தொடங்கியிருக்கிறது. ஊட்டியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்தம் கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகள், மைக்ராஸ்கோப்பில் அந்த ரத்தத்தைப் பார்க்கும் விஞ்ஞானிகளாக வரவேண்டாமா?

படித்தால் பாரம்பரியம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இரும்பு அடித்த கோத்தர் வீட்டுப் பிள்ளை உலோகக் கலை படித்தால், பாரம்பரியம் வளருமே தவிர அழியாது. எதைப் படிப்பது, எங்கே வாழ்வது என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்யவேண்டும்.

ஒரே தலைமுறையில் மாறலாம்

குன்னூர் பக்கத்தில் உபதலை கிராமம். அந்த ஊர் பெள்ளி கவுடர், மலை ரெயில் பாதை வேலையில் ஒப்பந்தக்காரராக இருந்தவர். அவருடைய மகன் ஆரி கவுடர், படகர் சமூகத்தின் முதல் பட்டதாரி. அதே சமூகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அக்கம்மா தேவி. 1962-ல் அவர் நீலகிரியின் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். இன்று படகர் வீடுகளில் டாக்டர்களும் என்ஜினீயர்களும் நிறைய இருக்கிறார்கள். முதல் ஆள் ஏறுவதுதான் கஷ்டம். அவர் ஏறிவிட்டால் மற்றவர்களுக்கு வழி தெரிந்துவிடும்.

பணியர் குடியிருப்பிலும், தோட்டத்து லைன் வீட்டிலும் அந்த முதல் ஆளைப் பெற்றவர்கள் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். முதல் பரீட்சையில் தோற்றுவிட்டு மகளோ மகனோ வீட்டுக்கு வந்தால், "போதும், திரும்பிப் போகாதே" என்று சொல்லாதீர்கள். "யாரோடு சேர்ந்து படிக்கிறாய்?" என்று கேளுங்கள். "யாரும் இல்லை" என்று பதில் வந்தால், கோளாறு அங்கேதான் இருக்கிறது. மூளையில் இல்லை.

கல்லூரியில் இடம் கொடுப்பது சட்டத்தின் வேலை. அந்த இடத்தில் பிள்ளையை நிலைக்க வைப்பது ஆசிரியர், அண்டை வீட்டார், மூத்த மாணவர் எல்லோருடைய வேலை. அந்த வேலையை வருகிற கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்!